வராதவர்களை வெட்டும் நிரல்

போன மாதம் அத்தை வீட்டில் எல்லாரும் மாத்தளைக்கு ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். அன்று அங்கேயே தங்கி, மறுநாள் மத்தியானம் திரும்புவதாகப் பேச்சு. வேன் வந்து நின்றுவிட்டது. மாமா முன் கதவைப் பூட்டிவிட்டார். அத்தை ஒரு பைக்குள் சேலைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் படியில் நின்றபடி, "யார்கிட்ட எழுதிக் குடுக்கணும் அத்தை?" என்று கேட்டேன். எதை எழுதிக் கொடுப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒரு நாள் வெளியே தங்குவதற்கு என்றேன். சிரிக்க ஆரம்பித்த மாமா, அக்குறணை தாண்டும் வரை சிரித்தார். கல்யாண வீட்டிலும் அந்தக் கதையை இரண்டு தடவை சொன்னார். கேட்டவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்து வைத்தேன். முகாமிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு, இதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பது தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்ததும் வளர்ந்ததும் தமிழ்நாட்டில் ஓர் இலங்கை அகதிகள் முகாமில். தாத்தா காலத்தில் எங்கள் குடும்பம் கண்டிக்குப் பக்கத்தில், ஹந்தானைத் தோட்டமொன்றில் தேயிலைக் கொழுந்து பறித்தது. இங்கே கலவரத்தில் தமிழர்களுக்கு அடி விழுந்தபோது வவுனியாவுக்குப் போனார்கள். அங்கேயும் அடி விழுந்தபோது படகேறினார்கள். அப்பாவின் அக்காவான இந்த அத்தை மட்டும் கண்டியில் மாநகர சபை வேலையில் இருந்த மாமாவைக் கட்டிக்கொண்டு கட்டுகஸ்தோட்டையிலேயே தங்கிவிட்டாள். இருபத்தாறு வயது வரை நான் இருந்த இடத்தில், ஓர் இரவு வெளியே தங்குவதென்றால் எங்கே, எதற்கு, எப்போது திரும்புவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'செக்கிங்'. அதிகாரி மேசை போட்டுப் பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருப்பார். குடும்பத் தலைவர் முன்னால் நிற்க வேண்டும், மற்றவர்கள் அவருக்குப் பின்னால். ஆள் இல்லையென்றால் பேர் வெட்டு. எங்கள் முகாமில் சாவுச் செய்திக்கு வருகிற கூட்டத்தைவிட, ஒரு வீட்டில் பேர் வெட்டிவிட்டார்கள் என்றால் வருகிற கூட்டம் பெரிது.

இந்த நாட்டுக்கு வந்து ஒரு வருடமாகிறது. காகிதத்தில் நான் 'நாடு திரும்பியவள்'. ஒருநாளும் காலடி வைக்காத இடத்துக்கு எப்படித் திரும்புவது என்று விமானத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் தூங்குவதுபோல் இருந்துவிட்டார். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர் தினமும் "இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கத்துவார். முதல் வாரம் முழுக்க அது என்னை இறங்கச் சொல்வதாகவே பட்டது. ஒருநாள் உண்மையாகவே பாலத்தடியில் இறங்கிவிட்டேன். முன்னால் போகச் சொல்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. இறங்கிய என்னைப் பார்த்து அவர் "இந்தியாவெந்த?" என்று கேட்டார். இந்தியாவிலிருந்தா என்று. ஆமாம் என்று தலையாட்டினேன். அங்கே இருபத்தாறு வருடம் நான் சிலோன்காரி. பள்ளியில் சிலோன்காரி, கல்லூரியில் சிலோன்காரி, ஓட்டலில் இட்லி பார்சல் வாங்கும்போது கூடப் பேச்சைக் கேட்டுவிட்டு 'சிலோனா?' என்பார்கள். இங்கே வந்து இறங்கிய மறுநாளே இந்தியாக்காரி ஆகிவிட்டேன். அத்தை வீட்டு வரிசையில் இருக்கிற தமிழர்களுக்கும் நான் இந்தியாக்காரிதான். என் வாயில் வருகிற தமிழ் அவர்களுக்கு டிவியில் கேட்கிற தமிழாக இருக்கிறதாம்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படித்தவள் நான். முதல் வகுப்பு. அங்கே மூன்று கம்பெனிகளில் தேர்வு எழுதி, நேர்முகத்திலும் தேறினேன். மூன்று இடத்திலும் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் ஆவணம் கேட்டார்கள். முகாம் அட்டையைக் காட்டியதும் அவர்கள் முகம் மாறியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. திட்டவில்லை, விரட்டவில்லை, பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே வருவது என்று முடிவெடுத்தேன். அம்மாவும் தம்பியும் வரவில்லை. அம்மா யோசித்து ஒரு நிபந்தனை வைத்தாள். உனக்கு அங்கே நிரந்தர வேலை என்று கையில் ஒரு கடிதம் வரட்டும், அதற்குப் பிறகு நாங்கள் பேரைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்றாள். ஏனென்றால், முகாமை விட்டுப் போகிறேன் என்று ஒருமுறை கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். திரும்ப வந்து நின்றாலும் பேர் ஏறாது. அந்தக் கடிதத்துக்காகத்தான் நான் கண்டியில் வேலை தேடினேன். நான் தடுக்கி விழுந்தால் அம்மாவும் அங்கேயே நின்றுவிடுவாள்.

ஆறேழு மாதம் அலைந்து வேலை கிடைத்தது. கண்டிக்குப் போகிற வழியில், ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் நாலு பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனி. முதலாளி அக்குறணைக்காரர், பெயர் ரிஸ்வான். அண்ணன் என்ற அர்த்தத்தில் எல்லாரையும் 'நானா' என்று கூப்பிடச் சொல்லிவிட்டார். கடைகளுக்கும் டியூஷன் வகுப்புகளுக்கும் கிளினிக்குகளுக்கும் இணையத்தில் ஓடுகிற மென்பொருள் செய்து கொடுப்பது தொழில். மூன்று மாதம் பார்ப்போம், சரி வந்தால் நிரந்தரக் கடிதம் என்றார். வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இது இந்தியாவில படிச்ச புள்ள" என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. நான் ஒருநாளும் திருத்தவில்லை. அங்கே சிலோன் என்ற பெயர் எனக்கு வேலையைக் கெடுத்தது. இங்கே இந்தியா என்ற பெயர் வேலை வாங்கிக் கொடுக்கிறது என்றால் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். கசப்பு மருந்தை முழுங்குகிற மாதிரி அதை முழுங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லூரியில் நான் படித்தது வேறு, இங்கே வேலை நடப்பது வேறு. இவர்கள் 'ஜாங்கோ' என்ற பிரேம்வொர்க்கில் வேலை செய்கிறார்கள். இதெல்லாம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், இணையத்தில் நீங்கள் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது எங்கோ ஒரு இயந்திரத்துக்கு ஒரு விண்ணப்பம் போகிறது. அந்த இயந்திரம்தான் சர்வர். விண்ணப்பம் எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்து, அதற்கான வேலைக்காரனிடம் அனுப்பி, அவன் பதிவேட்டைப் புரட்டி எடுத்த விவரத்தை ஒரு பக்கமாக அச்சடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதையும் முதலிலிருந்து எழுதினால் வருடக்கணக்காகும். அதனால் எலும்புக்கூட்டை யாரோ செய்து வைத்திருக்கிறார்கள், சதையை நாம் வைத்துக்கொள்ளலாம். பிரேம்வொர்க் என்பது அவ்வளவுதான்.

நானா எனக்கு ஒரு பழைய மடிக்கணினியைக் கொடுத்து, இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ளச் சொன்னார். முதல் கட்டளைகளை அடித்து, சர்வரை ஓடவிட்டு, உலாவியைத் திறந்தால், ஒரு ராக்கெட் படத்தோடு எல்லாம் சரியாக நடந்துவிட்டது, வாழ்த்துகள் என்று ஒரு பக்கம் வந்தது. சிரிப்பாக வந்தது. இந்த நாட்டில் என்னை வாழ்த்தி வரவேற்ற முதல் ஆள் அதுதான். பிறகு அவர்களே கொடுத்திருக்கிற பயிற்சிப் பாடத்தைச் செய்தேன். புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது வாக்கெடுப்பு நடத்துகிற ஒரு சின்ன மென்பொருள். ஒரு கேள்வி, அதற்குக் கீழே சில விடைகள், ஆட்கள் வந்து வாக்குப் போடுவார்கள். அங்கே பக்கத்துத் தெருவில் தேர்தல் நடக்கும்போது மைக் சத்தத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவள் நான். இங்கேயும் வாக்காளர் பட்டியலில் இன்னும் பேர் ஏறவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாக வாக்குப் போட்டது நானே எழுதிய அந்தப் பயிற்சிப் பக்கத்தில்தான். எண்ணிக்கை ஒன்று என்று காட்டியது.

அந்தப் பாடத்தில் ஓர் இடம் வந்தது. ஒன்றைச் சார்ந்து இன்னொன்று இருக்கும்போது, அதாவது கேள்வியைச் சார்ந்து விடைகள் இருக்கும்போது, பிரேம்வொர்க் உங்களை ஒன்று கேட்கும். மேலே உள்ளதை அழித்தால் அதைச் சார்ந்தவற்றை என்ன செய்வது என்று. பதில் சொல்லாமல் மேலே போக விடாது. பயிற்சியில் கொடுத்திருந்த பதில் 'கேஸ்கேட்'. மேலே உள்ளது போனால் கீழே உள்ளதும் சேர்ந்து போகட்டும் என்று அர்த்தம். கேள்வியே இல்லாதபோது விடை எதற்கு? வாக்கெடுப்புக்கு அது சரிதான். எனக்கு அந்தக் கேள்வி ஒரு கேள்வியாகவே படவில்லை. தலைவர் போனால் குடும்பம் போகும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கூட வேலை செய்கிற நதீஷா என்ற சிங்களப் பெண், என் வயதுதான், இரண்டாம் வாரம் என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, வேகமாகப் பிடித்துக்கொள்கிறாயே என்று ஆங்கிலத்தில் பாராட்டினாள். இந்த மாதிரி வரிசைகளை எனக்கு முன்பே தெரியும் என்று சொல்ல நினைத்தேன். சொல்கிற அளவுக்கு எங்களுக்குள் பொதுமொழி இல்லை.

என் கையில் முதல் வேலையாகக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு குடும்ப கிளினிக்கின் நோயாளர் பதிவேட்டைக் கொடுத்தார்கள். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மாறாதவர். பெரிய கொப்பிகளில் குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று எழுதி வைத்திருந்தார். மேலே குடும்பத் தலைவர் பெயர், கீழே மனைவி, பிள்ளைகள். யார் வந்தாலும் அவரவர் பெயருக்கு நேரே தேதியும் மருந்தும். கொப்பிகளை எங்கள் அலுவலகத்து அலுமாரிக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் நானே தட்டச்சு செய்து ஏற்றினேன். தலைவர் பெயரில் குடும்பம் என்று ஒரு பதிவு, அதைச் சார்ந்து ஆட்கள், ஆட்களைச் சார்ந்து மருந்துக் குறிப்புகள். ஒவ்வொரு இடத்திலும் பிரேம்வொர்க் அந்தக் கேள்வியைக் கேட்டது. நான் ஒவ்வொரு இடத்திலும் கேஸ்கேட் என்று பதில் சொன்னேன். இரண்டாம் மாத நடுவில் கிளினிக்கில் பயன்பாட்டுக்கு விட்டாகிவிட்டது. டாக்டரம்மா, "நல்ல வடிவாக் கிடக்கு பிள்ளை" என்றார். நிரந்தரக் கடிதம் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மாவிடம் இன்னும் ஒரு மாதம்தான் என்று சொன்னேன். சாமான்களை யாருக்கு எதைக் கொடுப்பது என்று அவள் பட்டியல் போட ஆரம்பித்தாள்.

இதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. பதிவேட்டில் ஒரு குறை இருப்பதாக எனக்குப் பட்டது. பேர் ஏறுவதற்கு வழி இருந்தது, இறங்குவதற்கு வழி இல்லை. யாரும் கேட்காமலே, என் சொந்த யோசனையில், ஒரு சின்ன நிரல் எழுதிச் சேர்த்தேன். மாதம் ஒன்றாம் தேதி காலையில் அது தானாக ஓடும். குடும்பத் தலைவர் கடைசியாக வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால், அல்லது வந்ததே இல்லையென்றால், அந்தக் குடும்பத்தை நீக்கிவிடும். அந்தக் கோப்புக்கு 'செக்கிங்' என்று பெயர் வைத்தேன். இது தப்பு என்று ஒரு நொடி கூடத் தோன்றவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். பதிவேடு என்றால் அப்படித்தான் இருக்கும். முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே கேட்டதற்கு மேல் ஒரு வேலை செய்து கொடுத்தாள் என்று பேர் வாங்கலாம் என்றுகூட நினைத்தேன். நான் எழுதுவதை வழக்கமாகச் சரிபார்க்கிற நதீஷா அந்த வாரம் லீவில் இருந்தாள். பார்க்க ஆள் இல்லாமல் என் நிரல் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா ஈரோட்டில் ஒரு கட்டிடத்துக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தார். எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். செக்கிங் ஞாயிறு காலையில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். வழியில் பஸ் பழுதாகிவிட்டது. அம்மா, நான், தம்பி மூன்று பேரும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது முன்னால் நிற்க ஆள் இல்லை. அம்மா முன்னால் போய் நின்றாள். தலைவர் எங்கே என்று கேட்டார் அதிகாரி. வந்துகொண்டே இருக்கிறார் என்றாள் அம்மா. அவர் எங்கள் நாலு பேர் மேலும் சேர்த்து ஒரே கோடாகப் போட்டார். அப்பா வந்து சேர்ந்தபோது மேசையை மடித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டை எடுக்கப் பதினொரு மாதம் ஆனது. அந்தப் பதினொரு மாதமும் அம்மா ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு நடந்தாள். அரிசி நின்றது. பள்ளியில் முகாம் சான்று கேட்டபோது, முகாமில் நீங்கள் இல்லையே என்றார்கள். முகாமில், அதே வீட்டில், அதே தகரத்துக்குக் கீழேதான் இருந்தோம். அதற்குப் பிறகு அப்பா தூர வேலைக்குப் போகவே இல்லை. செக்கிங் அன்று மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். அவர் செத்துப்போன வருடத்திலும் அப்படித்தான் நின்றார். அந்தப் பதினொரு மாதத்தை நான் யாருக்கும் மன்னிக்கவில்லை. மன்னிக்காத நானேதான் அதே கோட்டை எடுத்து இங்கே போட்டேன்.

மூன்றாம் மாதத்தின் ஒன்றாம் தேதி ஒரு திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு கிளினிக்கிலிருந்து போன் வந்தது. நிறையப் பேரின் விவரங்கள் வரவில்லையாம். திறந்து பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் இல்லை. கலகெதர, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, எந்தப் பக்கம் பார்த்தாலும் வீட்டுக்கு ஒரு ஆண் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். கொப்பியில் தலைவர் என்று எழுதப்பட்டவர்களில் பாதிப் பேர் ஒருநாளும் கிளினிக்குக்கு வந்ததே இல்லை. மனைவியும் பிள்ளைகளும்தான் மாதா மாதம் வருகிறார்கள். என் நிரல் தலைவர் வந்தாரா என்று மட்டும்தான் பார்த்தது. நதீஷாவை அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டு, நானா என்னை கிளினிக்குக்கு அனுப்பினார். என்ன நடந்தது என்று அவருக்கு அப்போது தெரியாது. பாலத்தைக் கடக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கவுண்டருக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும், கலகெதரயிலிருந்து வந்தவள், பெயர் மலர். இடுப்பில் ஐந்து வயதுப் பெண் பிள்ளை, காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்தது. போன மாதம் கொடுத்த ஒரு மருந்து அந்தப் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துவிட்டதாம். எந்த மருந்து என்று தாய்க்குத் தெரியவில்லை. எங்கள் அலுமாரியில் இருக்கிற பழைய கொப்பியிலும் அது இருக்காது, ஏனென்றால் போன மாதத்து விவரம் எங்கள் மென்பொருளில்தான் ஏறியது. அது தெரியாமல் டாக்டரம்மா புது மருந்து எழுத மாட்டேன் என்று நிற்கிறார். கவுண்டரில் இருந்த பெண் மறுபடியும், உங்கள் பெயர் இதில் இல்லை என்றாள். மலர் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பிள்ளையைத் தோளில் மாற்றிக்கொண்டு, சொப்பிங் பேக்கிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து கவுண்டரில் அடுக்கினாள். பிறப்பு அத்தாட்சி, கல்யாண அத்தாட்சி, கிராம சேவகர் கடிதம், புருஷனுடைய பாஸ்போர்ட்டின் போட்டோ பிரதி.

"நான் போன மாசமும் வந்தேங்க," என்றாள் என்னைப் பார்த்து. நான் பெரிய அதிகாரி என்று நினைத்துவிட்டாள். "வீட்டுக்காரரு வந்து நிக்கணுங்களா? அவரு கட்டார்ல இருக்காரு. லெட்டர் வேணும்னா எழுதி வாங்கித் தர்றேன். புள்ளைக்கு மட்டும் இப்ப பாத்துருங்க."

காகிதங்களை எடுத்து அவள் கையிலேயே திணித்தேன். ஒன்றும் வேண்டாம், தப்பு எங்களுடையது என்று எப்படியோ சொன்னேன். அவள் நம்பவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒருவர் தப்பை ஒத்துக்கொள்வதை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. காகிதங்களை மறுபடி கவுண்டரில் வைத்தாள்.

அந்த நேரத்தில் நதீஷாவிடமிருந்து போன் வந்தது. திரையைப் புதுப்பிக்கச் சொன்னாள். கவுண்டர்ப் பெண் புதுப்பித்தாள். மலர் இருந்தாள், பிள்ளை இருந்தது, கட்டாரில் இருக்கிற புருஷன் இருந்தார், ஆகாத மருந்தின் பெயர் சிவப்பில் இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் எடுத்த பிரதியிலிருந்து எல்லாவற்றையும் நதீஷா திரும்ப ஏற்றிவிட்டாள். கட்டளை அடித்து ஓடி முடியப் பத்து நிமிடம் ஆனதாம். டாக்டரம்மா பிள்ளையை உள்ளே கூப்பிட்டார். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். நான் வாசலுக்கு வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு அழுதேன். நிம்மதியில் அழுததாக அவர்கள் நினைத்திருப்பார்கள். பத்து நிமிடம். எங்கள் நாலு பேரின் பெயரைத் திரும்ப எழுத ஒரு பேனாவும் பத்து நிமிடமும் போதுமாக இருந்திருக்கிறது. பதினொரு மாதம் அம்மாவை நடக்கவிட்டார்கள். ஆத்திரத்தில்தான் அழுதேன்.

மத்தியானம் நானா என்னை எதிரில் உட்காரவைத்தார். வேலை போய்விட்டது என்று தீர்மானித்து, மடிக்கணினியை மூடி மேசையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "இந்த ஆள்கள வெட்டச் சொல்லி யாரு தங்கச்சி சொன்ன?" என்று கேட்டார்.

யாரும் சொல்லவில்லை என்றேன். பிறகு, "வராதவங்க பேரை வெட்டணும்ல?" என்றேன்.

கிண்டல் செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். "வராட்டி வரல்ல," என்றார். "அதுக்கு ஏன் வெட்டோணும்? பேரு அங்க ஈக்கட்டும். வார நேரம் வரட்டும்."

பேர் இருக்கட்டும் என்று இவ்வளவு சாதாரணமாக ஒரு மனிதர் சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடத்தில் ஒருவராவது, ஒரு அதிகாரியாவது, ஒரு வாத்தியாராவது எங்களிடம் இதைச் சொல்லியிருக்கலாம். நாங்களாவது எங்களுக்குள் சொல்லிக்கொண்டிருக்கலாம். நாங்களும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் பேர் வெட்டும்போது, செக்கிங் அன்று ஏன் ஊருக்குப் போனான் என்று வெட்டுப்பட்டவனைத்தான் திட்டினோம். சாயங்காலம் மன்னிப்புக் கேட்க கிளினிக்குக்குப் போனபோது டாக்டரம்மா, "இந்தியாவில உப்பிடித்தான் செய்யிறவையோ?" என்று கேட்டார். இந்தியா இல்லை, முகாம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக இந்த ஊரில் வாய் திறந்து சொன்னேன். "ஓ, நீர் முகாம்பிள்ளையோ," என்று அவர் குரல் இறங்கியது. உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். பிஸ்கட்டும் வைத்தார். அன்று காலை வரை அந்த இடத்தில் நான் இன்ஜினியர். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

வேலை போகவில்லை. மூன்றாம் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நானா நிரந்தரக் கடிதத்தைக் கொடுத்தார். அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டேன். தம்பி அவளுக்கு வாசித்துக் காட்டியிருந்தான். சந்தோஷம் என்றாள். பிறகு அவள் கேட்டது இது: "அங்க வந்து எனக்கு ஒத்துக்கலன்னா, இங்க திரும்ப எம்பேரச் சேப்பாங்களாடி?"

"சேர்க்க மாட்டாங்கம்மா."

"உனக்கு அங்க யாரும் பேர வெட்ட மாட்டாங்கல்ல?"

மாட்டார்கள் என்றேன். பின்னால் யாரோ தண்ணீர்க் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "அடுத்த செக்கிங் முடியட்டும், பாக்கலாம்," என்றாள். கடிதம் வந்ததும் வருகிறேன் என்றவள் அவள்தான். நான் வற்புறுத்தவில்லை. முகாம்காரர்களுக்கு அடுத்த செக்கிங் என்றைக்கும் முடியாது என்பது எனக்கும் தெரியும்.

போனை வைத்துவிட்டுக் கடைசி வேலைக்கு உட்கார்ந்தேன். 'செக்கிங்' கோப்பை ஏற்கெனவே அழித்திருந்தேன். நதீஷா சொன்னபடி கேஸ்கேட் என்று எழுதிய இடங்களையெல்லாம் 'புரொடெக்ட்' என்று மாற்றினேன். அப்படி எழுதினால், ஒருவரைச் சார்ந்து ஆட்கள் இருக்கும்வரை அவரை நீக்க பிரேம்வொர்க் சம்மதிக்காது. இனி மிச்சம் இருந்தது, சரிபார்ப்பதற்காக நான் பதிந்து வைத்திருந்த ஒரு பொய்க் குடும்பத்தை நீக்குவது. பொய்ப் பெயர்கள் தோன்றாமல் எங்கள் பெயர்களையே போட்டிருந்தேன். தலைவர் அம்மா, அவளைச் சார்ந்து நானும் தம்பியும், விலாசம் முகாம். அம்மாவின் பெயரைத் தேர்ந்து நீக்கு என்று அழுத்தினேன். முடியாது, இவரைச் சார்ந்து இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பெயரையும் காட்டி நின்றது. கீழே இருப்பவர்களை முதலில் எடுக்க வேண்டும். என் பெயரை எடுத்தேன். நிச்சயமா என்று கேட்டது, ஆம் என்றேன், போய்விட்டது. தம்பியின் பெயரில் கையை வைத்துக்கொண்டு நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதை நீக்காமலே கணினியை மூடிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன். கட்டுகஸ்தோட்டை கிளினிக்கின் பதிவேட்டில் என் அம்மா இப்போதும் இருக்கிறாள், ஒருநாளும் அங்கே வந்ததில்லை, யாரும் வெட்டவில்லை. நான்தான் இல்லை.